எஸ்க்யூஎல் சர்வர் 2022 ஸ்டாண்டர்டு: மருந்து மொத்த விற்பனை அலுவலகத்திலிருந்து ஒரு மதிப்புரை

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் 2022, அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. புதுச்சேரி நெல்லித்தோப்பில் அலுவலகமும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கிடங்கும் கொண்ட ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தின் கணினிப் பிரிவைக் கவனிப்பவன் என்ற முறையில், 2014 பதிப்பிலிருந்து இதற்கு மாறிய பிறகு கண்டவற்றை எழுதுகிறேன். 2014 பதிப்புக்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2024 ஜூலை 9 அன்று முடிந்துவிட்டதால் மாற்றம் எப்படியும் தேவைப்பட்டது. புதிய பதிப்பில் வேகம் கூடுமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். என் மதிப்பீட்டில் இதன் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது: வேறொருவர் எழுதிய, நாம் கை வைக்க முடியாத ஸ்டோர்டு புரொசீஜர்களின் (தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்துவைக்கும் நிரல்களின்) கேச் கோளாறுகளை, அவற்றின் ஒரு வரியைக்கூடத் தொடாமல் சரிசெய்ய இது வழி தருகிறது. நினைவகக் கோளாறுகளுக்கு அந்த வசதி கிடையாது. அவற்றை அடையாளம் காட்டுவதோடு இதன் உதவி நின்றுவிடுகிறது.

எங்கள் பில்லிங் மென்பொருளின் கணக்கு வேலை முழுவதும் ஸ்டோர்டு புரொசீஜர்களில்தான் நடக்கிறது. அவற்றை எழுதிய மென்பொருள் நிறுவனத்துடன் உள்ள ஒப்பந்தப்படி நாங்கள் அவற்றை மாற்றக்கூடாது. மாற்றினாலும் அடுத்த அப்டேட்டில் அது அழிந்துபோகும். நெடுநாளாக எங்களை வாட்டியது வாடிக்கையாளர் லெட்ஜர் புரொசீஜர். ஒரு நாள் நொடியில் திறக்கும். மறுநாள் அதே கடையின் லெட்ஜர் நிமிடக்கணக்கில் சுழலும். இதன் காரணம் புதிதல்ல. ஒரு புரொசீஜர் முதன்முறை அழைக்கப்படும்போது, அந்த நேரத்தில் வந்த மதிப்பை வைத்தே சர்வர், தரவை எந்த வழியில் தேடி எடுப்பது என்ற ஒரு செயல்திட்டத்தை வகுத்து, அதைப் பிளான் கேச் என்ற நினைவகப் பகுதியில் வைத்து, பின்னால் வரும் எல்லோருக்கும் அதையே பயன்படுத்துகிறது. எங்களிடம் ஓரிரு பில் வரிகள் மட்டுமே உள்ள புதுக்கடைகளும் உண்டு. பல லட்சம் வரிகள் கொண்ட மருத்துவமனை மருந்தகம் ஒன்றும் உண்டு. காலையில் முதலில் திறக்கப்படுவது சிறுகடையின் லெட்ஜராக இருந்தால், அதற்குப் பொருத்தமான திட்டம் மருத்துவமனையின் கணக்கில் மூச்சுத் திணறும்.

இதற்கு மென்பொருள் நிறுவனத்தின் தொழில்நுட்பர் செய்துவந்த வைத்தியம் ஒன்றே. தொலைவிலிருந்து கணினிக்குள் வந்து, டிபிசிசி ஃப்ரீபுராக்கேச் கட்டளையைக் கொடுத்துவிட்டு, "சார், கேச் க்ளியர் பண்ணிட்டேன், இப்ப பாருங்க" என்பார். பார்த்தால் சரியாகவே இருக்கும். கேச் காலியானதும் அடுத்து வந்த அழைப்பு நல்ல திட்டத்தைக் கொண்டுவந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டளை சர்வரில் உள்ள எல்லாத் தரவுத்தளங்களின் திட்டங்களையும் துடைத்துவிடுவதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற புரொசீஜர்களும் மறுபடி கம்பைல் ஆகின்றன, அதாவது அவற்றுக்கும் திட்டம் புதிதாக வகுக்கப்படுகிறது. அவற்றில் ஒன்று தவறான மதிப்பில் மாட்டிக்கொண்டால் நாளைக்குப் புகார் வேறு மேசையிலிருந்து வரும். ஒரே ஒரு தரவுத்தளத்தின் கேச்சை மட்டும் துடைக்கும் கட்டளை 2016 முதலே இருக்கிறது என்பதைக்கூடப் பலர் கவனிப்பதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது பலரைத் தவறான திசையில் அலைய விடுகிறது. கவுண்டரில் மந்தமாக ஓடும் புரொசீஜரை, சர்வரை நிர்வகிக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் அதே மதிப்புடன் ஓட்டிப் பார்த்தால் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். உடனே பழி நெட்வொர்க் மீது விழும். உண்மையில் ஸ்டுடியோ, கணக்கீட்டில் பிழை வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் ஆரித்அபார்ட் என்ற அமைப்பை இயல்பாகவே இயக்கி வைக்கிறது. பில்லிங் மென்பொருள் போன்ற செயலிகள் பெரும்பாலும் இயக்குவதில்லை. அமைப்பு வேறுபட்டால் கேச்சில் திட்டமும் தனித்தனியாகிவிடும். திட்டத்தின் பண்புகளைக் காட்டும் டிஎம்வியில் (சர்வரின் உள்நிலையைக் காட்டும் பட்டியல்) செட் ஆப்ஷன்ஸ் மதிப்பைப் பார்த்தபோது, எங்கள் கவுண்டரின் திட்டத்துக்கு 251 என்றும் ஸ்டுடியோவின் திட்டத்துக்கு 4347 என்றும் இருந்தது. இடையே உள்ள 4096தான் ஆரித்அபார்ட். ஒரே புரொசீஜர், ஒரே மதிப்பு, ஆனால் நாம் சோதித்தது வேறொரு திட்டத்தை. ஸ்டுடியோவில் அந்த அமைப்பை அணைத்துவிட்டு ஓட்டினால் கவுண்டரின் மந்தம் அப்படியே நம் மேசைக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் எதையும் ஆராய முடியும்.

2022 பதிப்பு இந்தப் பிரச்சினைக்கு இரண்டு கருவிகளைத் தருகிறது. முதலாவது, மதிப்புக்கேற்பத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் பாராமீட்டர் சென்சிட்டிவ் பிளான் வசதி. சம நிபந்தனையில் வரும் மதிப்பு சில வரிகளைத் தருமா, நடுத்தரமா, ஏராளமா என்று பார்த்து ஒரு நிபந்தனைக்கு மூன்று வகைத் திட்டங்கள் வரை கேச்சில் வைத்துக்கொள்கிறது. லெட்ஜர் புரொசீஜரில் எங்களுக்கு இது உடனே பலித்தது. சிறுகடைக்கு ஒரு திட்டம், மருத்துவமனைக்கு வேறொரு திட்டம் என்று கண்கூடாகப் பிரிந்தது. ஆனால் 2014 பேக்கப்பிலிருந்து தரவுத்தளத்தை மீட்டெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படி வரும் தரவுத்தளம் பழைய 120 என்ற இணக்க நிலையிலேயே (எந்தப் பதிப்பைப் போல நடந்துகொள்வது என்ற அமைப்பு) நிற்கும், குவெரிகளையும் (தரவுத்தளத்திடம் கேட்கும் வினவல்கள்) அவற்றின் திட்டங்களையும் பதிந்துவைக்கும் குவெரி ஸ்டோரும் அணைந்தே இருக்கும். நிலையை 160க்கு உயர்த்தாதவரை இந்த வசதி எட்டிப்பார்க்காது. புதிய பதிப்பு வாங்கியும் ஒன்றும் மாறவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இந்த வசதி எல்லா இடத்திலும் விழித்துக்கொள்வதும் இல்லை. புதுச்சேரியின் ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு 34, தமிழ்நாட்டுக்கு 33. பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாத கடலூர்க் கிடங்குக்குச் சரக்கு அனுப்பினாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போவதாகவே கணக்கு. மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கைக்கான புரொசீஜர் இந்தக் குறியீட்டையும் தேதி வரம்பையும் பெற்றுக்கொள்கிறது. குறியீட்டில் இரண்டே மதிப்புகள், இரண்டிலும் வரிகள் ஏராளம். தேதியோ வரம்பு நிபந்தனை, 2022 பதிப்பு சம நிபந்தனைகளை மட்டுமே கவனிக்கிறது. ஆகவே தானியங்கி வசதி இதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அங்கே கைகொடுத்தது இரண்டாவது கருவியான குவெரி ஸ்டோர் ஹின்ட். குவெரி ஸ்டோர் 2016 முதலே உண்டு என்றாலும், அதில் பதிவான ஒரு குவெரியின் எண்ணைக் கொடுத்து, அதற்கு வெளியிலிருந்தே ஒரு குறிப்பைச் சேர்க்கும் வசதி 2022இல்தான் வந்தது. ஜிஎஸ்டி அறிக்கையின் குவெரிக்கு ரீகம்பைல் குறிப்பைக் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் அது புதிதாகத் திட்டமிட்டுக்கொள்கிறது. மாதத்தில் சில தடவை மட்டுமே ஓடும் அறிக்கைக்கு அந்தக் கூடுதல் கம்பைல் செலவு ஒரு பொருட்டல்ல. ஒவ்வொரு பில்லுக்கும் அழைக்கப்படும் லெட்ஜருக்கு இதே குறிப்பைக் கொடுத்திருந்தால் சிபியு திணறியிருக்கும். மென்பொருள் நிறுவனத்தின் புரொசீஜர் எழுத்து பிசகாமல் அப்படியே இருக்கிறது, ஒப்பந்தமும் மீறப்படவில்லை.

இதில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. குவெரி ஸ்டோர் ஒரு குவெரியை அது அடங்கியிருக்கும் புரொசீஜரின் உள் எண்ணோடு சேர்த்தே அடையாளம் காண்கிறது. அப்டேட் அனுப்புகிறவர் புரொசீஜரை ஆல்டர் செய்தால் (இருப்பதையே திருத்தினால்) அந்த எண் நிலைக்கும். டிராப் செய்து (நீக்கிவிட்டு) மறுபடி கிரியேட் செய்தால் புதிய எண் வந்துவிடும், நாம் சேர்த்த குறிப்பு ஆளில்லாத பழைய முகவரியில் தங்கிவிடும். எங்களுக்கு வரும் அப்டேட்டுகள் எல்லாம் இரண்டாவது வகை. எனவே ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் குறிப்புகளைத் திரும்பச் சேர்க்கும் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறோம். இத்தனை விலை கொடுத்து வாங்கும் பொருளில் இந்த வேலையை வாங்குகிறவர் தலையில் கட்டியிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு சொல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சர்வர் நின்று மறுபடி எழும்போது பிளான் கேச் முற்றிலும் காலியாகவே தொடங்கும். குவெரி ஸ்டோரின் பதிவுகளும் குறிப்புகளும் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்கப்படுவதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் அளவீட்டுப் பதிவுகள் நினைவகத்திலிருந்து வட்டுக்குப் போவது இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான். யுபிஎஸ் கைவிட்டால் கடைசிக் கால்மணி நேரப் பதிவு போய்விடும். அந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம். நாங்கள் குறைத்திருக்கிறோம்.

இனி நினைவகம். டாஸ்க் மேனேஜரில் எஸ்க்யூஎல் சர்வரின் நினைவகம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துக் கசிவு என்று அலறுவோர் அதிகம். அது கசிவல்ல, உச்சவரம்பு கொடுக்காவிட்டால் அதன் இயல்பு மதிப்பு 2147483647 மெகாபைட், அதாவது கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி. எங்கள் 16 ஜிபி சர்வரில் 12 ஜிபி என்று வரம்பு வைத்த பிறகு விண்டோஸ் நிம்மதியாக மூச்சுவிடுகிறது. பிளான் கேச்சுக்கும் உள்ளே ஓர் எல்லை உண்டு: முதல் 4 ஜிபியில் 75 சதவீதம், அதற்கு மேல் 64 ஜிபி வரை 10 சதவீதம். எங்கள் கணக்கில் அது 3.8 ஜிபி. ஒருமுறை மட்டும் பயன்பட்ட திட்டங்கள் அங்கே குப்பையாகக் குவிவதைத் தடுக்க, 2008 முதல் இருக்கும் ஆப்டிமைஸ் ஃபார் அட்ஹாக் அமைப்பை இயக்கினோம். புரொசீஜருக்குள்ளேயே மதிப்புகளை ஒட்டி ஒட்டி எஸ்க்யூஎல் வாக்கியம் கட்டும் மென்பொருளுக்கு இது நல்ல பலன் தருகிறது.

உண்மையான கசிவு வேறொரு மூலையில் இருந்தது. விற்பனைப் பிரதிநிதியின் கைபேசியிலிருந்து வரும் ஆர்டரைக் கவுண்டர் மென்பொருள் எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட உரை வடிவில் ஒரு புரொசீஜருக்கு அனுப்புகிறது. அந்தப் புரொசீஜர் எஸ்பி_எக்ஸ்எம்எல்_பிரிபேர்டாக்குமென்ட் மூலம் அதைத் திறந்து, வரிகளைப் படித்து, கடைசி வரியில் ரிமூவ்டாக்குமென்ட் மூலம் மூடுகிறது. நடுவில் ஒரு சரிபார்ப்பு: ஆர்டரில் உள்ள மருந்தின் பேட்ச் (உற்பத்தித் தொகுதி) காலாவதியாகியிருந்தால் அங்கேயே ரிட்டர்ன், அதாவது புரொசீஜர் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். மூடும் வரி ஓடவே ஓடாது. திறந்த ஆவணம் அந்த இணைப்பு முடியும்வரை நினைவகத்தில் கிடக்கும். கவுண்டர் மென்பொருளோ காலை முதல் இரவு வரை ஒரே இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த எக்ஸ்எம்எல் பகுப்பிக்கு சர்வர் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. அது நிரம்பியதும் 6624 என்ற பிழை எண்ணோடு ஆர்டர்கள் நிற்கும்.

டிஎம்_எக்ஸிக்_எக்ஸ்எம்எல்_ஹேண்டில்ஸ் என்ற செயற்கூறுக்குச் சுழியத்தைக் கொடுத்தால், மூடப்படாத ஆவணங்கள் எந்த இணைப்பில் எவ்வளவு நேரமாகத் தூங்குகின்றன என்று வரிசையாகக் காட்டிவிடும். காலாவதியான பேட்ச் ஒன்றை வேண்டுமென்றே ஆர்டரில் போட்டுப் பார்த்ததும் புதிய வரி ஒன்று அங்கே முளைத்தது. அதுவே போதுமான சாட்சி. மதியம் மென்பொருளை மூடிவிட்டுச் சாப்பிடப் போகும் கவுண்டர் அக்காவின் இணைப்பில் மட்டும் காலையின் தேக்கம் ஒன்றுகூட இல்லை என்பதும் அந்தப் பட்டியலில்தான் தெரிந்தது. ஆனால் இங்கே எந்தக் குறிப்பும் உதவாது. ரிட்டர்னுக்கு முன்னால் மூடும் வரியைச் சேர்ப்பது, அல்லது இப்படித் திறந்து படிக்கும் ஓப்பன்எக்ஸ்எம்எல் முறையைக் கைவிட்டு, ஆவணத்தைத் திறந்துவைக்கத் தேவையில்லாத நோட்ஸ் முறைக்கோ, வரிகளை அட்டவணையாகவே அனுப்பும் டேபிள் வேல்யூடு பாராமீட்டருக்கோ மாறுவது, இரண்டுமே புரொசீஜரை எழுதியவர் செய்ய வேண்டியவை. பட்டியலை அனுப்பி வைத்ததும் அவர்கள் முதலாவதைச் செய்து கொடுத்தார்கள். "சர்வர் ஸ்லோ" என்று சொன்னபோதெல்லாம் நகராத வேலை அது.

குறைகளில் இன்னும் இரண்டு. சர்வீஸ் பேக் என்ற வழக்கம் 2017 பதிப்போடு ஒழிந்துவிட்டதால், திருத்தங்கள் எல்லாம் குமுலேட்டிவ் அப்டேட்டுகளாகவே (முந்தைய திருத்தங்களையும் சேர்த்துத் தருபவை) வருகின்றன; பாராமீட்டர் சென்சிட்டிவ் பிளானும் குவெரி ஸ்டோரும் சேர்ந்து இயங்கும்போது ஆக்சஸ் வயலேஷன் (தவறான நினைவக அணுகல்) பிழை எழுந்ததாக மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு பின்னர் திருத்தியிருப்பதால், முதல் வெளியீட்டை அப்படியே நிறுவி ஓட்டுவது சரியல்ல. இரண்டாவது, இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பை நாடும் சிறு வணிகர்களுக்கானது: 2022 எக்ஸ்பிரஸில், தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பஃபர் பூல் 1410 மெகாபைட்டிலும் ஒரு தரவுத்தளம் 10 ஜிபியிலும் நின்றுவிடும், குவெரி ஸ்டோரின் இயல்பு அளவான 1000 மெகாபைட் அந்த 10 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும் என்பதால் அதைக் குறைத்து வைப்பது நல்லது. ஒற்றைக் கடை நடத்துபவருக்கு அதுவே தாராளம்.

ஸ்டாண்டர்டு வாங்குவோர், சில கவுண்டர்கள் மட்டுமே உள்ள அலுவலகமாக இருந்தால், செயலியின் கோர் எண்ணிக்கைப்படி உரிமம் வாங்கும் கோர் கணக்கை விட, சர்வருடன் சிஏஎல் (பயனருக்கோ கருவிக்கோ தனித்தனி அணுகல் உரிமம்) வாங்கும் முறையை விசாரிக்கலாம். கோர் கணக்கில் குறைந்தது நான்கு கோர்களுக்கு வாங்கியாக வேண்டும். 2014க்கு வாங்கி வைத்த சிஏஎல்கள் 2022 சர்வருக்குச் செல்லாது என்பதால், விலைப்புள்ளி கேட்கும்போதே அவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.