ஒரே அறை, மூன்று ரயில்: எச்ஓ, என்-ஸ்கேல், மீட்டர் கேஜ்

மாடி அறை காலியானதும் நான் முதலில் வாங்கியது ஒரு டப்பா சாக்பீஸ். அறை 20 அடிக்கு 12 அடி, அதாவது 6.1 மீட்டருக்கு 3.66 மீட்டர். வீட்டில் மாதிரி ரயில் லேஅவுட், அதாவது பாதையும் ஸ்டேஷனும் காட்சியும் சேர்ந்த ஒரு குட்டி ரயில் உலகம், கட்ட இது தாராளமான இடம் என்று நினைத்திருந்தேன். ஒரு முழு எக்ஸ்பிரஸ் வண்டியின் நீளத்தைத் தரையில் கோடாக இழுத்துப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

இப்போதைய எக்ஸ்பிரஸ் வண்டிகளில் வரும் எல்எச்பி பெட்டி ஒன்று கப்ளிங்கோடு சேர்த்து ஏறத்தாழ 24 மீட்டர். 24 பெட்டிகளும் ஒரு டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 600 மீட்டர் வரும். எச்ஓ என்பது அசலில் 87-இல் ஒரு பங்கு. அந்த அளவில் இந்த வண்டி 6.86 மீட்டர், என் சுவரோ 6.1 மீட்டர். "அப்பா, கார்டு பெட்டி வாசலுக்கு வெளியே நிக்குது" என்றாள் மகள். உண்மைதான். அதே வண்டியை என்-ஸ்கேலில், அதாவது 160-இல் ஒரு பங்காகப் போட்டால் 3.73 மீட்டரில் அடங்கிவிடுகிறது.

பெரிய லேஅவுட் கட்ட நினைக்கிறவர்களிடம் என் முதல் வேண்டுகோள் இதுதான்: பலகையின் பரப்பை அளப்பதற்கு முன்னால் வண்டியின் நீளத்தை அளந்து பாருங்கள். ஸ்கேல் அதற்குப் பிறகு.

சுவர் முழுவதும் பிளாட்பாரம் ஆகாது

சுவர் 6.1 மீட்டர் என்றால் ஸ்டேஷனும் அவ்வளவு நீளம் வரும் என்று கணக்குப் போடக்கூடாது. இரண்டு மூலையிலும் பாதை வளைய வேண்டும். வளைவின் ஆரம் நீளமான பெட்டியைப்போல் மூன்று மடங்காவது இருந்தால்தான் வண்டி நம்பகமாக ஓடும், பார்க்கவும் கண்ணை உறுத்தாது. இது மாதிரி ரயில்காரர்கள் நெடுநாளாகப் பின்பற்றும் கணக்கு. எச்ஓ-வில் எல்எச்பி பெட்டி கப்ளிங் நீங்கலாக 27 செ.மீ.; ஆரம் 81 செ.மீ. வேண்டும். என்-ஸ்கேலில் பெட்டி 15 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, 44 செ.மீ. ஆரம் போதும்.

மூலைகளையும் சுவரோர இடைவெளியையும் கழித்தால் எச்ஓ-வுக்கு மிஞ்சும் நேர்ப்பாதை 4.3 மீட்டர். மூன்று நான்கு லைன் பிரிய இரு பக்கமும் பாயிண்டுகள் போட்டால் பக்கத்துக்கு ஒரு மீட்டர்போல் போய்விடும். பிளாட்பாரத்துக்கு இரண்டே கால், இரண்டரை மீட்டர் கிடைக்கும். இன்ஜினும் எட்டுப் பெட்டியும் நிற்கலாம். என்-ஸ்கேலில் அதே கழித்தலுக்குப் பிறகும் மூன்றே முக்கால் மீட்டருக்குக் குறையாமல் நாலு மீட்டரை நெருங்கும் பிளாட்பாரம் கிடைக்கிறது. 24 பெட்டி வண்டி முழுதாக நிற்கும்.

பாடகர் ராட் ஸ்டூவர்ட் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் தன் வீட்டில் கட்டிய அமெரிக்க நகர லேஅவுட்டை 2019-இல் வெளியே காட்டினார். அது எச்ஓ. ஆனால் அதன் நீளம் 124 அடி, அகலம் 23 அடி. நீண்ட வண்டியை எச்ஓ-வில் அதன் கம்பீரத்தோடு ஓட்ட எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் என்-ஸ்கேல்தானே?

நீண்ட வண்டி ஊரைக் கடந்து போவதைத் தள்ளி நின்று பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால், ஆமாம், யோசிக்காமல் என்-ஸ்கேல் போடுங்கள். மலை பெரிதாகத் தெரியும், வயல் விரிந்து கிடக்கும், வண்டி அதற்குள் சிறிதாக ஓடும். அந்தக் காட்சியை எச்ஓ-வால் இந்த அறையில் தர முடியாது.

கையால் வேலை செய்ய விரும்புகிறவருக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம் வரும். என்-ஸ்கேலின் 9 மி.மீ. அகலமுள்ள பாதையில் சக்கரத்தை ஏற்றி வைக்க நல்ல கண்ணும் நடுங்காத கையும் வேண்டும். யார்டில் ஒவ்வொரு வேகனாகக் கழற்றி மாட்டும் ஷன்டிங் வேலை எச்ஓ-வில் சுகம், என்-ஸ்கேலில் பொறுமைக்குச் சோதனை. நம் ஊர்த் தூசியும் இருக்கிறது. இன்ஜின் எடை குறையக் குறையச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள மின்தொடர்பு தளரும். நண்பர் வீட்டு என்-ஸ்கேல் லேஅவுட்டில் ஓட்டுவதற்கு முன் பாதையைத் துடைப்பது வாடிக்கை; ஒரு வாரம் விட்டால் வண்டி தடுமாறும்.

செலவிலும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. சின்ன ஸ்கேல் என்பதால் மலிவு என்று நினைக்கிறார்கள். இன்ஜின் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே அறையில் பாதையும் பாயிண்டும் பெட்டியும் கூடுதலாக இறங்குவதால், அறையை நிரப்பினால் என்-ஸ்கேல்தான் அதிகம் கேட்கும். அதோடு, நம் ரயில்வேயின் மாதிரிகளாகக் கிடைக்கும் கொஞ்சமும் பெரும்பாலும் எச்ஓ-வில்தான்.

பாதையின் அகலம்

எச்ஓ பாதையின் 16.5 மி.மீ.யும் என்-ஸ்கேலின் 9 மி.மீ.யும் ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்காக வந்த அளவுகள். நம் அகலப்பாதை 1676 மி.மீ. எச்ஓ கணக்கில் அது 19.3 மி.மீ. இருக்க வேண்டும். ஏழில் ஒரு பங்கு குறுகலான பாதையில் நம் வண்டியை நிறுத்துகிறோம். பக்கவாட்டில் தெரியாது. எதிரே நின்று பார்த்தால், அகலமான உடம்புக்குக் கீழே கால்கள் ஒடுங்கி நிற்பது தெரியும். பலருக்கு இது பொருட்டில்லை. எனக்கு ஒருமுறை கண்ணில் பட்ட பிறகு மறைய மறுத்தது.

மூன்றாவது வழியை நான் தேடியது இதனால்தான். எச்ஓஎம் என்று ஒரு வகை உண்டு: அதே 87-இல் ஒரு பங்கு, பாதை மட்டும் 12 மி.மீ. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர் உள்ள, மலை ரயில்களைச் செய்கிறவர்கள் வளர்த்த அளவு. ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

நான் விழுப்புரத்துப் பக்கம் வளர்ந்தவன். செங்கல்பட்டு, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்கும் மீட்டர் கேஜ் பிரிந்த ஜங்ஷன் அது. ஒய்பி நீராவி இன்ஜினும் ஒய்டிஎம்-4 டீசலும் ஜப்பானிலிருந்து வந்த ஒய்ஏஎம்-1 மின்சார இன்ஜினும் ஓடிய பாதை. எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் வண்டி அங்கே நின்று புறப்படுவதைப் பார்க்காத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது.

கணக்கும் சாதகமாக விழுந்தது. மீட்டர் கேஜ் பெட்டி ஏறத்தாழ 19.5 மீட்டர், எச்ஓஎம்-இல் 22.4 செ.மீ. ஆரம் 67 செ.மீ. போதும், நேர்ப்பாதை நாலரை மீட்டருக்கு வரும். இன்ஜினோடு பத்துப் பெட்டி முழுதாக நிற்கலாம். பாம்பன் பாலத்தை வைக்கலாமா என்றும் பார்த்தேன். 2.06 கி.மீ. பாலம் இந்த அளவில் 23 மீட்டரைத் தாண்டும். என்-ஸ்கேலிலேயே 13 மீட்டர். அதை விட்டுவிட்டேன். நீலகிரி ரயில் இன்னொரு ஆசை: மூன்று நான்கு பெட்டிதான், சின்ன அறைக்கே போதும். ஆனால் 12-க்கு 1 ஏற்றத்தில் பல்சக்கரம் இல்லாமல் ஏறாது.

எச்ஓஎம்-இன் குறை பெரியது. தண்டவாளமும் பாயிண்டும் கடையில் வாங்கலாம். நம் மீட்டர் கேஜ் பெட்டிகளை நாமேதான் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டிப் பெட்டி செய்ய எனக்கு ஒன்றுக்கு மூன்று வாரம் ஆகிறது. இன்ஜினுக்கு டிடி-ஸ்கேல் (120-இல் ஒரு பங்கு) டீசல் ஒன்றின் அடிச்சட்டம் கைகொடுக்கும். அதுவும் 12 மி.மீ. பாதை. அதன் மேல் ஒய்டிஎம்-4 உடம்பைக் கட்டலாம். வாங்கி வைத்து இந்த மாதமே ஓட்ட நினைக்கிறவருக்கு இந்த வழி சரிப்படாது.

மேசையா, சுவரோரமா

இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் மேசையில் எச்ஓ வளைவு 55 செ.மீ. ஆரத்துக்கு மேல் போகாது. மேசையைப் பெரிதாக்கினால் நடுவில் தடம் புரண்ட வண்டிக்குக் கை எட்டாது. இரண்டரை அடிக்கு மேல் யாருக்கும் எட்டாது. சுவரோரமாக இரண்டடி அகலப் பலகை ஓட்டினால் வளைவு பெரிதாகும், ஓட்டுகிறவர் நடுவில் நின்று வண்டியோடு நடக்கலாம். வாசலுக்கு மட்டும் தூக்கி எடுக்கும் பாலம் ஒன்று வேண்டும்.

டிசியா, டிசிசியா

பாதையின் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வண்டியை ஓட்டும் பழைய டிசி முறையில் பாதையை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைத்து, எந்தக் கன்ட்ரோலர் எதை ஓட்டுகிறது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஒரு வண்டி என்றால் அது போதும். இரண்டு பேர் இரண்டு வண்டி ஓட்டப்போகிறோம் என்றால் டிசிசி, அதாவது பாதை வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் கட்டளையைப் புரிந்துகொள்ளும் ஒரு டிகோடர் சில்லு, அதற்கொரு எண். எண்ணைக் கூப்பிட்டால் அந்த இன்ஜின் மட்டும் கேட்கும். டிகோடர் செலவு உண்டு. ஆனால் லேஅவுட் வளர்ந்த பிறகு மாறுவதைவிட முதலிலேயே போடுவது நல்லது.

பலகைக்குக் கீழே வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. வயரைச் சிவப்பு, கறுப்பு என்று இரண்டாக ஓட்டி, தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சிறு வயர் பற்றவைத்திருக்கிறேன். தண்டவாளங்களுக்கு இடையே வெப்பத்துக்கு இடைவெளியும் விட்டேன். 20 டிகிரி கூடினால் 10 மீட்டர் பாதை 3 மி.மீ. நீளும், மாடி அறையில் மே மாதத்துக்கு அது சாதாரணம்.

முதல் இரண்டரை மீட்டர் பலகை சுவரில் ஏறிவிட்டது. நேற்று மாலை அதன் கடைசித் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன். பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் ஷார்ட்டை உணர்ந்து உடனே துண்டித்தது, நாணயத்தை எடுத்ததும் திரும்ப உயிர் பெற்றது. வயரிங் சரி. மூன்றாவது பெட்டியின் பக்கச்சுவர் மேசையில் காய்ந்துகொண்டிருக்கிறது.