முள் இல்லாத வண்டியும் முக்கால் டாங்கும்

திருச்சி விமான நிலையத்தின் புது முனையம், குடிநுழைவு வரிசை, மன்னார்குடி வரைக்கும் கார், அண்ணி கையால் சாப்பாடு என்று எல்லாம் நன்றாகவே நடந்தது. அதையெல்லாம் எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்கப் போவதில்லை. எழுத உட்கார்ந்தது ஒரு பெட்ரோல் பங்க்கைப் பற்றியும், அப்பாவின் புல்லட்டில் டாங்குக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னக் குழாயைப் பற்றியும்தான்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு முக்கால் டாங்குச் சட்டம் தெரியும். தெரியாதவர்களுக்காக: சிங்கப்பூரில் பதிவான பெட்ரோல் கார் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பக்கம் போக வேண்டுமானால், டாங்கில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். மலேசியாவில் பெட்ரோல் மலிவு. எல்லாரும் காலி டாங்கோடு போய் நிரப்பிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக 1989-இல் அரை டாங்கு என்று ஆரம்பித்தார்கள், 1991-இல் அதை முக்கால் ஆக்கினார்கள். உட்லண்ட்ஸ், துவாஸ் எல்லைச் சாவடிகளில் பெட்ரோல் முள் அதற்குக் கீழே கிடந்தால் 500 வெள்ளி வரை அபராதம், வண்டியும் திரும்ப வேண்டியதுதான். நண்பர் காரில் போகும்போது பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் அவர் மனைவி கேட்பது "முக்கால் இருக்கா?" என்பதைத்தான். அந்த முள்ளையே பார்த்துப் பழகியவன், முள்ளே இல்லாத வண்டியில் ஏறினேன்.

வண்டி திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட். வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பதினாலரை லிட்டர் டாங்கு. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட எதுவும் கிடையாது. ஹெட்லைட் தலைக்கு மேலே, பெரிய ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டமும் அதில் ஒரு முள்ளும் இருக்கும். அது ஆம்மீட்டர், பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுவது. வண்டி சும்மா நிற்கும்போது அந்த முள் நட்டநடுவில் நிற்கும்.

"பெட்ரோல் இருக்காடா?" என்று அண்ணன் மகனைக் கேட்டேன். குனிந்து பார்த்தான்.

"பாதி இருக்கு சித்தப்பா."

ஆம்மீட்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்! கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை. சரி என்று நானே பழைய முறைக்குப் போனேன். வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டி, காதைக் கொடுத்தேன். அடியில் கொஞ்சம் சலசலத்தது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன், இருட்டில் ஓரமாக ஒரு மினுமினுப்பு. தஞ்சாவூர் போகிற வழியில் ரிசர்வ் விழும், அதன்பின் முப்பது கிலோமீட்டராவது ஓடும், வழியில் பங்க்கில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். அந்தக் கால வண்டி வைத்திருந்த யாரும் இப்படித்தான் கிளம்புவார்கள்.

ரிசர்வ் என்பது தனி டாங்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டாங்கு ஒன்றுதான். குழாயின் மேல்முனையில் டாங்குக்குள் நீட்டிக்கொண்டு ஒரு குச்சிக் குழல் இருக்கும். 'ஆன்' என்று வைத்தால் பெட்ரோல் அந்தக் குழலின் உச்சி வழியாக மட்டும் இறங்கும். மட்டம் அதற்குக் கீழே போனதும் எஞ்சின் திக்க ஆரம்பிக்கும். உடனே 'ரிசர்வ்' பக்கம் திருப்பினால் அடியில் இருக்கும் இன்னொரு ஓட்டை திறக்கும், மிச்சப் பெட்ரோல் வரும். அப்பாவுக்கு இதற்குக் கண்ணே தேவைப்படாது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தாலும், வண்டி ஒரு இழுப்பு இழுத்ததுமே கை கீழே போய்க் குழாயைத் திருப்பிவிடும், வேகம்கூடக் குறையாது. வீட்டுக்கு வந்ததும் "ரிசர்வ் விழுந்துருச்சு" என்று ஒரு வார்த்தை. மறுநாள் பெட்ரோல் போட்டதும் முதல் வேலை, குழாயைத் திரும்ப 'ஆனில்' வைப்பது. அன்றைய கிலோமீட்டரைப் பங்க் பில்லின் பின்னால் எழுதிப் பெட்டிக்குள் செருகி வைப்பார்.

என்னைக் கேட்டால் முள்ளைவிட இந்த ஏற்பாடு மேல். முள்ளை நாம் பார்த்தால்தான் உண்டு. ரிசர்வ் நம்மைப் பிடித்து உலுக்கிச் சொல்லும். ஆனால் குழாய் 'ஆனில்' இருந்தால்தான் சொல்லும்.

வடுவூர் ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி திக்கியது. கை தானாகக் கீழே போனது, இத்தனை வருஷம் கழித்தும். அங்கே குழாய் ஏற்கெனவே ரிசர்வில் இருந்தது. போன் போட்டேன்.

"அது எப்பவும் அங்கதான் சித்தப்பா இருக்கும். ஆன்ல வச்சா நின்னு நின்னு போச்சு. அப்புறம் அந்தப் பக்கம் திருப்பினேன், நல்லா ஓடுச்சு. அப்படியே வுட்டுட்டேன்."

அவன் சொன்னதில் தர்க்கப்பிழை ஏதுமில்லை என்பதுதான் எரிச்சல். பெட்ரோல் அளவைக் கட்டம் கட்டமாகத் திரையில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு குழாய் 'நான் காலியாகப் போகிறேன்' என்று சொல்லும் என்று யார் சொல்லிக் கொடுத்தது?

கடைசி வித்தை ஒன்று பாக்கி இருந்தது. டாங்கு நடுவில் வளைந்து, வண்டியின் முதுகுக் கம்பிமேல் குதிரைச் சேணம் மாதிரி உட்கார்ந்திருக்கும். அடியில் வந்தபிறகு குழாய் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் பெட்ரோல் சிக்கிக்கொள்ளும். குழாய் இருக்கிற பக்கமாக வண்டியைப் படுக்கிற அளவுக்குச் சாய்த்தால் அது இந்தப் பக்கம் வழியும். சாய்த்தேன், உதைத்தேன், வந்தது. ஒரு வளைவு, ஒரு பாலம், ஒரு டீக்கடை. மறுபடி நின்றது. இந்தத் தடவை உண்மையாகவே காலி.

வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, டீக்கடையில் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு பங்க்குக்கு நடந்தேன். முன்பெல்லாம் இப்படித்தானே செய்வோம். அதற்கும் முன்னால் டீக்கடையிலேயே லிட்டர் லிட்டராகப் பாட்டிலில் தொங்கும், விலை கொஞ்சம் கூட.

"பாட்டில்ல ஊத்த மாட்டோம் சார். போர்டு பாருங்க, கேமரா வேற இருக்கு."

"தம்பி, வண்டி ரோட்டுல நிக்குது."

"வண்டிய கொண்டாங்க சார், போட்டுரலாம்."

"பெட்ரோல் இல்லாமத்தானே நிக்குது?"

"அதான் சார் சொல்றேன். உருட்டிக்கிட்டு வாங்க."

வெயிலில் ஒரு புல்லட்டை உருட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வாக்கியத்தின் அருமை தெரியும். விதி எதற்கு வந்தது என்று எனக்கும் புரிகிறது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துகிற செய்தி வாராவாரம் வருகிறது, பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் ஆபத்தும்கூட. என் கேள்வி வேறு. மூடி போட்ட தகரக் கேன் ஒன்றைப் பங்க்கிலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் என்ன? பெயரும் வண்டி எண்ணும் எழுதிக்கொண்டு ஒரு லிட்டர் ஊற்றினால் என்ன? சிங்கப்பூரிலும் விதியைச் சொல்லித்தான் மறுப்பார்கள். ஆனால் மறுத்த கையோடு யாரைக் கூப்பிட வேண்டும், எவ்வளவு ஆகும் என்றும் சொல்லிவிடுவார்கள். இங்கே போர்டில் 'கூடாது' மட்டும் இருக்கிறது, அடுத்த வரி இல்லை.

இதை மானேஜரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது கரெக்ட்தான் சார்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி நடந்தேன். இங்கிருந்து கதை வேறு மாதிரி. புளியமரத்தடியில் நிற்கிற புல்லட்டையும் கையில் காலிப் பாட்டிலோடு நிற்கிற ஆளையும் பார்த்தால் தஞ்சாவூர் ரோட்டில் யாரும் தாண்டிப் போக மாட்டேன் என்கிறார்கள். முதலில் நிறுத்திய பையனிடம் பளபளவென்று புது வண்டி. "டியூபக் கழட்டிப் புடிச்சுக்கலாம்ணே" என்று குனிந்தவன், எதைக் கழற்றுவது என்று தேடினான். குழாயே இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து பெரும்பாலும் எல்லாம் இன்ஜெக்ஷன் வண்டி. பம்ப்பு டாங்குக்கு உள்ளேயே உட்கார்ந்து அழுத்தி அனுப்புகிறது. அங்கிருந்து வரும் டியூபைப் பிடுங்கினால் மறுபடி மாட்ட மெக்கானிக் வர வேண்டும். அடுத்து வந்தவரும் அப்படியே. ஸ்கூட்டரில் வந்த ஒரு டீச்சரம்மா, பெட்ரோல் எடுக்க வழியில்லை என்று தெரிந்ததும் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுக்க மனசு எல்லாருக்கும் இருந்தது, வண்டிதான் விடவில்லை.

கடைசியில் வந்தது ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல், பின்னால் புல்லுக்கட்டு. பெரியவர் இறங்கியதும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தன் டாங்கு மூடியைத் திருகினார். ஹேண்டில்பாரில் கட்டியிருந்த தென்னை ஈர்க்கை எடுத்து உள்ளே விட்டு, வெளியே இழுத்து, நனைந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"நாலு வெரக்கடை இருக்கு. ரெண்டு எடுத்துக்கலாம்."

ரப்பர் டியூபைக் குழாயிலிருந்து உருவி, பாட்டில் வாயில் வைத்து, குழாயைத் திறந்தார். நூல் மாதிரி இறங்கியது. நடுவில் ஒருதரம் நிறுத்தி மறுபடி ஈர்க்கை விட்டு அளந்துகொண்டார். "ஆயில் கலந்த பெட்ரோலு தம்பி. கொஞ்ச தூரம் பொகையும், பயப்படாதீங்க." பழைய எக்ஸ்எல் டூ ஸ்ட்ரோக், டாங்கிலேயே ஆயில் கலந்துதானே ஊற்றுவார்கள். பணம் நீட்டினேன். "அட வைங்க தம்பி. நாளைக்கு எனக்கு நின்னா நீங்களா வரப்போறீங்க, எவனாச்சும் வருவான்."

புல்லட் நீலப் புகை கக்கிக்கொண்டு பங்க்குக்குப் போனது. அதே பையன். "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்றான், சிரிக்காமல். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட பிறகு ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டாலும் டாங்கில் அடித்தளம்தான் நனைகிறது. ஜிபே கேட்டார்கள், என்னிடம் இருந்தது நோட்டு, சில்லறைக்கு ஒரு தகராறு. அது உங்களுக்கெல்லாம் தெரிந்த கதை.

ஊருக்கு வந்ததும் மெக்கானிக்கிடம் காட்டினேன். அப்பா காலத்து ஆள். குழாயைக் கழற்றியதும் துருவும் சேறும் தண்ணீரும் கலந்து ஒரு டம்ளர் அளவுக்கு வந்தது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் டாங்கின் அடிக்கசடெல்லாம் முதலில் கார்புரேட்டருக்குத்தான் போகும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், தண்ணீர் கூடிப்போனால் அதையும் இழுத்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்கும், சரியாக அந்த ரிசர்வ் ஓட்டை இருக்கிற இடத்தில். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் அப்பாவின் பில்களில் இருக்கிற மைலேஜ் கணக்கும் இனி ஒத்துவராது. ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து கிடந்ததால் புதுக் கணக்கும் போட முடியவில்லை. கேபிள், குழாய், டியூப் மூன்றையும் மாற்றச் சொன்னேன். "நிறுத்தி வைக்கறதா இருந்தா ஃபுல்லா போட்டு வைங்க, காத்து எடம் கம்மியாயிருந்தா துரு புடிக்காது" என்றார்.

அண்ணன் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கழற்றிய பழைய குழாயைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் விளக்கினேன். நீட்டுக் குழல், அடி ஓட்டை, ஆன், ரிசர்வ், ஆம்மீட்டர் முள் உட்பட. நன்றாகக் கேட்டுக்கொண்டான். குழலை ஊதிப் பார்த்தான், அடி ஓட்டையை விரலால் அடைத்து மறுபடி ஊதினான்.

"சூப்பர் சித்தப்பா. இதுல ஒரு சென்சார் வச்சுட்டா போன்லயே பாத்துக்கலாம்ல?"