படம் குறையட்டும், ஒலியைத் தொடாதீர்கள்: வீடியோ சுருக்க மூன்று வழிகள்

கோயில் புறப்பாட்டில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து மல்லாரி (சுவாமி புறப்பாட்டுக்கான இசை) வாசிக்கும்போது செல்போனில் எடுத்த மூன்று நிமிட வீடியோ ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐபோனில் 4கே, விநாடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்து எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும் என்று அதன் செட்டிங்ஸ் பக்கமே சொல்கிறது. அப்படியானால் மூன்று நிமிடத்துக்கு 500 எம்பிக்கு மேல். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா வைத்திருப்பவர் இதை அப்படியே ஏற்ற யோசிப்பார். அதனால் சுருக்குகிறோம். சுருக்கிய பிறகு படம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் தாளத்தின் (கையால் தட்டும் ஜால்ராவின்) ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும், தவிலின் அடி மழுங்கியிருக்கும்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், ஒலியைக் கெடுத்ததால் மிச்சமாவது ஒன்றுமே இல்லை. 192 கேபிபிஎஸ் (விநாடிக்கு 192 கிலோபிட்) ஆடியோ ஒரு நிமிடத்துக்கு 1.44 எம்பிதான் எடுக்கும். அதைப் பாதியாக்கி 96-க்குக் கொண்டுவந்தால் நிமிடத்துக்கு முக்கால் எம்பிகூட மிச்சமாகாது. 170 எம்பியில் முக்கால் எம்பி! எடையெல்லாம் படத்தில் இருக்கிறது. ஆகவே சுருக்க எந்தக் கருவியை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: படத்தை மட்டும் குறைத்துவிட்டு ஒலியை அப்படியே விட இது சம்மதிக்குமா?

பேச்சு வீடியோவில் யாரும் கண்டுகொள்ளாத குறை, நாதஸ்வரத்திலும் தவிலிலும் உடனே காதில் விழுவதற்குக் காரணம் உண்டு. செல்போன் வீடியோக்களில் பெரும்பாலும் இருக்கும் ஏஏசி என்ற ஆடியோ முறை, ஒலியை 1024 மாதிரிகள் (ஒலியை அளந்த புள்ளிகள்) கொண்ட சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 மாதிரிகளில், ஒரு துண்டு சுமார் 21 மில்லிவிநாடி. துண்டுக்குள் எதையாவது விட்டுக்கொடுத்தால் அதனால் வரும் இரைச்சல் அந்தத் துண்டு முழுக்கப் பரவும். நாதஸ்வரத்தின் நீண்ட ஒரே ஸ்வரத்தில் அது ஒளிந்துகொள்ளும். தவில் அப்படியில்லை. கூடு (விரலுறை) மாட்டிய விரல்கள் தோலில் விழும் நொடிக்கு முன்னால் அமைதி, விழுந்ததும் வெடிப்பு. ஒரே துண்டுக்குள் இரண்டும் வந்தால், அடி விழுவதற்கு முன்பே அதன் இரைச்சல் கசிந்துவிடும். அடியின் கூர்மை அங்கேதான் போகிறது. இதைத் தவிர்க்க ஏஏசி அந்த இடத்தில் 128 மாதிரி கொண்ட குட்டித் துண்டுகளுக்கு மாறிக்கொள்ளும். அதற்குக் கூடுதல் பிட்கள் வேண்டும். 64 கேபிபிஎஸ்ஸில் ஸ்டீரியோ ஒலியை அடைக்கச் சொன்னால் அந்தப் பிட்களுக்கு எங்கே போகும்? இடம் போதாதபோது உச்ச அதிர்வெண்களையும் வெட்டிவிடும், தாளத்தின் கணகணப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை வெட்டியதை மறுபடி 320-இல் சேமித்தாலும் திரும்பி வராது.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

பலரும் முதலில் போவது செல்போன் செயலிகளுக்கு. இன்ஷாட், விஎன் போன்ற எடிட்டிங் செயலிகள் ஒரு வகை, பிளே ஸ்டோரில் 'வீடியோ கம்ப்ரஸர்' என்று தேடினால் வருபவை இன்னொரு வகை. வெட்டி, எழுத்துப் போட்டு, உடனே ஏற்றுவதற்கு இவற்றை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் சேமிக்கும் திரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 720பி, 1080பி, ஃபிரேம் எண்ணிக்கை என்று படத்துக்கு நிறைய கேட்பார்கள். ஒலிக்கென்று பல செயலிகளில் ஒரு வரிகூட இருக்காது. எடிட்டிங் செயலி எல்லாத் தடங்களையும் கலந்து புதிதாக ஒலியை எழுதுவதால், மூல ஒலி அப்படியே வெளியே வராது. எந்த பிட்ரேட்டில் (விநாடிக்கு எத்தனை பிட் என்ற அளவில்) எழுதியது என்பதையும் நமக்குச் சொல்லாது. கம்ப்ரஸர் வகையில் 'சிறியது', 'நடுத்தரம்' என்று பொத்தான் வைத்தவற்றை இசைக்கு நான் தொடுவதே இல்லை. சமையல் குறிப்பு, கடை விளம்பரம், குழந்தையின் பிறந்தநாள் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, ஹேண்ட்பிரேக் என்ற கணினி மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணினி இருப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். ஆனால் இதன் வழக்கமான ப்ரீசெட்டை (முன்கூட்டியே அமைத்த தேர்வுகளை) தேர்ந்தெடுத்து அப்படியே ஸ்டார்ட் கொடுத்தால், ஆடியோவை 160 கேபிபிஎஸ் ஸ்டீரியோவாக மறுபடி எழுதிவிடும். 160 மோசமில்லை. ஆனாலும் தேவையில்லாத ஒரு மறுபதிவு. ஆடியோ தாவலுக்குப் போய், கோடெக் (சுருக்கும் முறை) என்ற இடத்தில் 'ஏஏசி பாஸ்த்ரூ' என்று மாற்றினால் போதும், மூலத்தில் இருந்த ஏஏசி ஒலி ஒரு பிட்கூட மாறாமல் புதிய கோப்புக்குள் போய் உட்காரும். பிறகு படத்தில் உங்கள் இஷ்டம்: 4கே-யை 1080பி ஆக்குங்கள், படத்தின் தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 22-இலிருந்து 24, 25 என்று ஏற்றுங்கள். எண் ஏற ஏறக் கோப்பு சிறுக்கும்.

மூன்றாவது, எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள். பொத்தான் கிடையாது, கட்டளை வரியில் எழுத வேண்டும். வீடியோவுக்கு எக்ஸ்264 (படத்தைச் சுருக்கும் ஒரு கருவி), ஆடியோவுக்கு 'காப்பி' என்று எழுதினால் ஹேண்ட்பிரேக்கின் பாஸ்த்ரூ செய்யும் அதே வேலையை இதுவும் செய்யும். ஒலித் தரத்தில் இரண்டுக்கும் துளி வேறுபாடு இருக்காது, இரண்டுமே ஒலியைத் தொடவில்லையே! பிறகு ஏன் இது? ஒரு கச்சேரியில் எடுத்த நாற்பது துணுக்குகளை ஒரே கட்டளையில் சுருக்க இதுதான் வசதி. கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற கட்டளை வரிச் செயலியைப் போட்டு அதற்குள்ளேயே ஓட்டலாம். செல்போன் செயலிகள் தராத 'ஒலியைத் தொடாதே' என்ற வசதி செல்போனிலேயே கிடைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி அது. கட்டளை எழுதக் கூச்சப்படுபவர்களுக்கு ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, உள்ளே ஓடுவது எஃப்எஃப்எம்பெக்தான்.

பாஸ்த்ரூவும் காப்பியும் உதவாத இடங்கள் உண்டு. ஒலியைக் கூட்ட, காற்று இரைச்சலைக் குறைக்க, இரண்டு தடங்களைக் கலக்க வேண்டுமென்றால் மறுபதிவு தவிர்க்க முடியாதது. கேமராவில் எடுத்தால் ஒலி சில நேரம் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) ஆக இருக்கும், 16 பிட் ஸ்டீரியோ 48 கிலோஹெர்ட்ஸில் அது 1536 கேபிபிஎஸ். அப்போது ஒரே ஒருமுறை ஏஏசிக்கு மாற்றுங்கள், 256 அல்லது 320-இல். உச்சம் பூஜ்யம் டெசிபலை (டிஜிட்டல் ஒலியின் மேல் எல்லையை) தொடாமல் ஒரு டெசிபலாவது கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்தடுத்த மாற்றங்களில் தவிலின் உச்ச அடிகள் எல்லை தாண்டிக் கரகரக்கும். பதியும்போதே கரகரத்திருந்தால் இந்த மூன்று கருவிகளாலும் ஒன்றும் செய்ய முடியாது. வாத்தியக்காரர்களிடமிருந்து இன்னும் நாலடி தள்ளி நின்று எடுத்திருக்க வேண்டும்.

கருவி எதுவானாலும், ஏற்றும் இடம் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும். யூடியூப் ஸ்டீரியோவுக்கு 384 கேபிபிஎஸ் ஏஏசியைப் பரிந்துரைக்கிறது. 256 ஜிபி வரை ஏற்றவும் விடுகிறது. கேட்பவருக்கு அது தருவதோ பெரும்பாலும் 128 ஏஏசி அல்லது ஓபஸ் என்ற இன்னொரு ஆடியோ முறை. அதனால் யூடியூபுக்கென்று ஒலியைக் குறைக்க எந்தக் காரணமும் இல்லை, வைஃபை கிடைத்தால் மூலக் கோப்பையே ஏற்றுங்கள். அதிகச் சத்தமான வீடியோவை அது தானே தணித்துவிடும், மெல்லிய ஒலியை உயர்த்தாது.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்குச் செயலியில் அல்லாமல் வெளி மென்பொருள்கள் வழி ஏற்றுபவர்களுக்கு அது குறித்திருக்கும் ஆடியோ அளவு 128 கேபிபிஎஸ். அப்படியென்றால் நாமே 128-க்குக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 128 ஆக்கப்பட்டதை அது மீண்டும் சுருக்கினால் இழப்பு இரட்டிப்பாகும், நல்ல மூலத்தைச் சுருக்கினால் ஒருமுறைதான் இழப்பு. செயலியின் மீடியா குவாலிட்டி பகுதியில் உயர்தரத்தில் ஏற்றும் தேர்வையும் போட்டு வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் கேலரி வழியாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும், படமும் ஒலியும் சேர்ந்தே. டாக்குமெண்டாக இணைத்தால் கோப்பு அப்படியே போகும், 2 ஜிபி வரை. டெலிகிராமிலும் 'ஃபைல்' ஆக அனுப்பினால் இதே கதைதான். டாக்குமெண்டாகத்தான் அனுப்பப் போகிறோம், 20 எம்பிக்குள் இருந்தால் எல்லோரும் இறக்கிப் பார்ப்பார்கள் என்று வையுங்கள். மூன்று நிமிடத்துக்கு மொத்தம் 889 கேபிபிஎஸ் கிடைக்கும். ஒலிக்கு 192 கொடுத்தால் படத்துக்கு 697 மிஞ்சும், 480பி-க்கு அது தாராளம். ஒலியை 64-க்கு நசுக்கினால் படத்துக்கு 825 கிடைக்கும். 697-க்கும் 825-க்கும் கைபேசித் திரையில் வித்தியாசம் தேட வேண்டியிருக்கும். 192-க்கும் 64-க்கும் உள்ள வித்தியாசத்தை ஹெட்ஃபோனில் முதல் தவில் அடியே சொல்லிவிடும். பேச்சு மட்டும் என்றால் விஷயம் வேறு: மோனோவில் 64 போதும்.

ஏற்றுவதற்கு முன் கோப்பை மீடியாஇன்ஃபோவில் (கோப்பின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) திறந்து ஆடியோ பகுதியைப் பாருங்கள். மூலத்திலும் சுருக்கியதிலும் பிட்ரேட் ஒன்றாகவே இருந்தால் ஒலி அநேகமாகத் தொடப்படவில்லை. பிறகு ஹெட்ஃபோன் மாட்டி, தவில் தனியாக வரும் இடத்தையும் தாளம் ஒலிக்கும் இடத்தையும் இரண்டு கோப்பிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.