ஒற்றைச் செல் சுரக்கும் புரதம்: கையில் உள்ள காசுக்கு எந்த முறை?

காசநோய்க் கிருமியின் புரதத்தைக் காட்டியதும் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனை (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் புரதம்) சுரக்கும் டி செல்கள், அதாவது நோய் எதிர்ப்புச் செல்கள், ரத்தத்தில் மிகச் சிலவே. எல்லாச் செல்களையும் சோதனைத் தட்டின் ஒரே குழியில் வளர்த்து, மேலே நிற்கும் திரவத்தை எலைசாவில் (குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பானைக் கொண்டு அளக்கும் சோதனை) அளந்தால் ஓர் எண் கிடைக்கும். நூறு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்தாலும் ஐந்து செல்கள் கொட்டித் தீர்த்தாலும் அந்த எண் ஒன்றாகவே இருக்கலாம். தடுப்பூசி ஆய்வில் இந்த வித்தியாசம்தான் உயிர்நாடி.

குழிக்கு ஒரு செல் போட்டு எலைசா செய்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செல் நொடிக்கு 10 மூலக்கூறுகள் சுரப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளில் சுமார் 8.6 லட்சம். 17,000 டால்டன் எடையுள்ள புரதத்துக்கு அது ஏறக்குறைய 0.024 பிகோகிராம். 100 மைக்ரோலிட்டர் குழியில் அது கலந்தால் மில்லிலிட்டருக்கு 0.24 பிகோகிராம்தான் தேறும். சாதாரண எலைசாவின் கண்ணுக்கு அது படாது. அதே செல்லைப் பக்கத்துக்கு 50 மைக்ரான் உள்ள கனசதுரக் குழியில் அடைத்தால் கொள்ளளவு 125 பிகோலிட்டர். செறிவு எட்டு லட்சம் மடங்கு கூடிவிடும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பான் சுரக்கும் பிளாஸ்மா செல்லுக்கு வேண்டுமானால் பெரிய குழி போதும், சைட்டோகைனுக்குப் போதாது. எனவே, மலிவான முறைகள் எல்லாமே இரண்டே வழிகளில் போகின்றன: சுரந்ததைச் செல்லின் காலடியிலேயே பிடிப்பது, அல்லது செல்லைச் சின்ன அறையில் பூட்டுவது.

காலடியில் பிடிப்பதில் மூத்தது எலைஸ்பாட். 1983 இல் ஸ்வீடனில் செர்கின்ஸ்கி குழுவும், ஆஸ்திரேலியாவில் செட்ஜ்விக்கும் ஹோல்ட்டும் தனித்தனியே கண்டறிந்தது. அடியில் பி.வி.டி.எஃப் என்ற பிளாஸ்டிக் சவ்வு உள்ள 96 குழித் தட்டில் பிடிக்கும் எதிர்ப்பானைப் பூசி, குழிக்கு 2 முதல் 2.5 லட்சம் செல்களை இட்டு, ஒரு நாள் இன்குபேட்டரில் வைக்க வேண்டும். பிறகு செல்களைக் கழுவிவிட்டு இரண்டாவது எதிர்ப்பான், நொதி, நிறப்பொருள். சுரந்த செல் இருந்த இடத்தில் ஒரு ஊதாப் புள்ளி நிற்கும். காசநோய்த் தொற்றைக் கண்டறியும் டி-ஸ்பாட் சோதனை இதே முறைதான்.

என் வாக்கு முதலில் இதற்கே. லட்சத்தில் ஒரு செல் சுரந்தாலும் பிடித்துவிடும். லேசர் வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். தானியங்கிப் புள்ளி எண்ணி விலை அதிகம்தான். அது இல்லாத இடத்தில் ஸ்டீரியோ நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணலாம். காய்ந்த சவ்வைப் பெயர்த்தெடுத்து மேசை ஸ்கேனரில் 2400 டி.பி.ஐ.யில் எடுத்தால் ஒரு படப்புள்ளி சுமார் 10 மைக்ரான். அந்தப் படத்தை இலவச மென்பொருளான இமேஜ்ஜே எண்ணித் தரும். கை பழக வேண்டிய இடங்கள் மூன்று. எதிர்ப்பான் பூசும் முன் எத்தனாலில் நனைத்த சவ்வை மீண்டும் காயவிடக் கூடாது. நனைத்த எத்தனாலை நன்றாகக் கழுவ வேண்டும். இன்குபேட்டரில் வைத்த தட்டை யாரும் தொடக் கூடாது. யாரோ தங்கள் குடுவையை எடுக்க எங்கள் தட்டை நகர்த்தி வைத்ததில், ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை வால்நட்சத்திரம் போல இழுபட்ட புள்ளிகளாக வந்தது. அன்றிலிருந்து அந்த அடுக்கின் கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருக்கிறது.

எலைஸ்பாட்டின் குறை ஒன்று உண்டு. எத்தனை செல் சுரந்தது என்று தெரியும்; எந்தச் செல் என்று தெரியாது. செல் கழுவப்பட்டுப் போய்விட்டது.

எந்தச் செல் என்று கேட்டவுடன் பலர், செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு ஓடி, செல்லுக்குள் சைட்டோகைனைச் சாயமேற்றுகிறார்கள். பிரெஃபெல்டின் ஏ கொடுத்து வெளியேறும் வழியை அடைத்துவிட்டு, உள்ளே தேங்கியதை அளப்பது அது. பயனுள்ள முறைதான், ஆனால் அதைச் சுரப்பு என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். செல்லையும் உயிரோடு திரும்பப் பெற முடியாது.

உயிரோடு வேண்டுமென்றால் 1995 இல் ஜெர்மனியில் மான்ஸ், ராட்புரூக் குழுவினர் காட்டிய வழி இருக்கிறது. செல்லின் மேற்பரப்பிலேயே பிடிக்கும் எதிர்ப்பானைக் கட்டிவிட வேண்டும்; சுரந்தது அங்கேயே ஒட்டும். சிக்கல், பக்கத்து வீட்டுச் செல் சுரந்ததும் ஒட்டுவது. செல்களை நன்றாக நீர்த்து வைத்து, நேரத்தையும் குறைக்க வேண்டும்.

அந்தச் சிக்கலுக்கு அழகான விடை நானோவயல். கலிஃபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் டினோ டி கார்லோ குழு உருவாக்கிய, கிண்ணம் போல் குழிந்த ஹைட்ரோஜெல் (நீரூறிய ஜெல்) துகள்கள். செல் கிண்ணத்துக்குள் உட்காரும், சுரந்தது கிண்ணத்தின் சுவரில் ஒட்டும், அதன்மேல் ஒளிரும் எதிர்ப்பானை ஏற்றி மொத்தத்தையும் வழக்கமான செல் பிரிப்பானில் (ஒளிர்வதைத் தனியே பிரித்தெடுக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர்) ஓட்டலாம். புதுக் கருவி தேவையில்லை என்பதே இதன் பெருமை. துகளுக்குக் காசு கொடுக்க வேண்டும், பிரிப்பானில் மணிக்கணக்கில் இடம் வாங்க வேண்டும். வெற்றுக் கிண்ணங்களையும் கலந்து ஓட்டி, அவை ஒளிர்கின்றனவா, அதாவது பக்கத்துச் செல் சுரந்தது அவற்றில் ஒட்டியதா என்று பார்க்காமல் எந்த முடிவையும் நம்பாதீர்கள்.

சின்ன அறையில் பூட்டுவதில் என் மனம் கவர்ந்தது நானோகுழி. 2006 இல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் லவ் பங்கேற்ற ஆய்வு காட்டிய முறை: பி.டி.எம்.எஸ் என்ற சிலிகோன் ரப்பரில் ஆயிரமாயிரம் குழிகள், மேலே எதிர்ப்பான் பூசிய கண்ணாடித் தகடு. சில மணி நேரம் அழுத்தி வைத்துத் தகட்டை எடுத்தால், ஒவ்வொரு குழியின் சுரப்பும் அதே வரிசையில் தகட்டில் அச்சாகியிருக்கும். செல்கள் குழியிலேயே உயிரோடு இருக்கும். மறுநாள் இன்னொரு தகடு வைத்து அதே செல்லை மறுபடி அளக்கலாம். ரப்பரை வார்க்கும் அச்சு ஒன்றை மட்டும் வேறு ஆய்வகத்தில் செய்து வாங்கிவிட்டால், அதிலிருந்து ரப்பரைத் திரும்பத் திரும்ப வார்க்கலாம். குழிக்குச் சராசரி 0.3 செல் வீழ்ந்தால் 74% குழிகள் காலி, 22% குழிகளில் ஒற்றைச் செல், மீதி 4% குழிகளில் இரண்டோ அதிகமோ. காலிக் குழிகளைப் பார்த்துக் கவலை வேண்டாம். லட்சம் குழியில் 22,000 ஒற்றைச் செல்கள் என்பது தாராளம். உண்மையான செலவு தகட்டைப் படிக்கும் ஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் சாய) ஸ்கேனரில் இருக்கிறது. வளாகத்தில் எங்காவது டி.என்.ஏ. புள்ளித் தகடுகளைப் படிக்க வாங்கிய பழைய மைக்ரோஅரே ஸ்கேனர் தூசு படிந்து கிடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

ஒரே செல்லில் பல பத்துப் புரதங்களைப் படிக்கும் வணிகச் சிப்புகளும் எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளி முறைகளும் திறமையானவை. ஆனால் இங்கே பேசும் பணத்துக்குள் அவை வராது.

தொடங்குபவருக்கு என் யோசனை: கிட் வாங்காமல், ஒத்துப்போவதாகச் சோதிக்கப்பட்ட எதிர்ப்பான் ஜோடியை வாங்குங்கள். அதை எலைஸ்பாட்டில் சரிபாருங்கள்; தூண்டாத குழியும் டி செல்களைப் பொதுவாகத் தூண்டும் பி.எச்.ஏ. கொடுத்த குழியும் கட்டாயம் இருக்கட்டும். ஜோடி அங்கே தேறினால் அதே ஜோடியை நானோகுழிக்கோ நானோவயலுக்கோ கொண்டுபோகலாம். முதல் தட்டில் தேறாத ஜோடிக்காகப் பிரிப்பானில் நேரம் பதிவு செய்ய வேண்டாம்.