பிளஸ் டூ இயற்பியல் கணக்குக்கு லாக் புத்தகம்: பார்த்து வாங்குங்கள்

கால்குலேட்டருக்கு அனுமதி இல்லாத பிளஸ் டூ இயற்பியல் தேர்வில், சூத்திரம் தெரிந்த மாணவரையும் கரை சேர்ப்பது நான்கு இலக்க மடக்கை (லாக்) அட்டவணைதான். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் லாக் புத்தகங்கள் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். கடையிலேயே 10 முதல் 19 வரையுள்ள வரிசைகளைத் திறந்து பாருங்கள். நல்ல பதிப்பில் அங்கே வித்தியாசப் பத்திகள் (நான்காம் இலக்கத்துக்காகச் சேர்க்கும் சிறு எண்களின் பத்திகள்) எண்ணுக்கு இரண்டு வரியாகப் பிரிந்திருக்கும். மடக்கை வேகமாக மாறும் இடம் அது. ஒற்றை வரிப் பதிப்பில் 1.009-க்கு .0037 கிடைக்கும், சரியான மதிப்பு .0039.

தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். பின்பக்க எண் தெரிந்தால் 3-ம் 8-ம் குழம்பும்.

54 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் டி பிராய் அலைநீளம் கேட்டால், சூத்திரம் 12.27/√V ஆங்ஸ்ட்ராம். முதலில் சூத்திரத்தை எழுதி, அடுத்த வரியில் மதிப்புகளைப் பிரதியிட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட வேண்டும். விடை பிசகினாலும் அந்த இரண்டு படிக்கும் மதிப்பெண் உண்டு. 12.27-ன் லாக் 1.0888. 54-ன் லாக் 1.7324, வர்க்கமூலம் என்பதால் பாதி, 0.8662. கழித்தால் 0.2226. இதற்கு, லாக்கிலிருந்து எண்ணைத் திரும்பத் தரும் ஆன்டிலாக் பக்கத்துக்குப் போக வேண்டும். அவசரத்தில் லாக் பக்கத்திலேயே தேடுகிறவர்கள் நிறைய. விடை 1.669, அதாவது 1.67 ஆங்ஸ்ட்ராம். அலகை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகள் அதிகம் சறுக்குவது பார் எண்ணில், அதாவது தலையில் கோடு போட்டு எழுதும் எதிர்க்குறி எண்ணில். 0.0054-ன் லாக் பார் 3.7324. வர்க்கமூலம் வேண்டுமென்றால் இதை அப்படியே இரண்டால் வகுக்க முடியாது, ஏனென்றால் பார் 3-க்கு மட்டும்தான் எதிர்க்குறி, .7324 நேர்மதிப்பு. பார் 3-ஐ பார் 4 கூட்டல் 1 என்று பிரித்தால் பார் 2-ம் 1.7324-ல் பாதியும் சேர்ந்து பார் 2.8662 வரும். இதற்குப் பல லாக் புத்தகங்களின் விளக்கப் பக்கம் உதவுவதில்லை. பெரிய குறை இது.

கொசைன் பக்கத்தின் தலைப்பில் 'வித்தியாசத்தைக் கழிக்கவும்' என்ற குறிப்பு பெரிதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கோணம் கூடக் கூட கொசைன் குறையும். சைன் பக்கப் பழக்கத்தில் கூட்டிவிட்டால் விடை தவறும். குறிப்பு பொடி எழுத்தில் இருந்தாலும் பேனாவால் அடிக்கோடு போட வேண்டாம். எழுதிய புத்தகத்தைத் தேர்வறையில் பிடுங்கிவிடுவார்கள்.