ஒரே என்ஜின், மூன்று வண்டிகள்: பழைய தோட்ட டிராக்டரில் எதை எடுப்பது?

புல் வெட்டவும் சிறு நிலம் உழவும் பயன்படும் பழைய தோட்ட டிராக்டர் ஒன்றை வாங்கிச் செப்பனிடலாம் என்று கிளம்புகிறவர் கடைசியில் பெரும்பாலும் மூன்று நிறங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். மஞ்சளும் வெள்ளையும் கலந்த கப் கேடட், பச்சை ஜான் டீர், சிவப்பு வீல் ஹார்ஸ். போலன்ஸ், சிம்ப்ளிசிட்டி, கிரேவ்லி போன்ற மற்ற நிறுவன வண்டிகளை வைத்திருப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் என் கை பட்டதில்லை. கப் கேடட் 122, வீல் ஹார்ஸ் சி-120 இரண்டையும் கடைசி போல்ட் வரை பிரித்துப் பூட்டியிருக்கிறேன். ஜான் டீர் 110இல் ஒரு நண்பருக்குத் துணையாக நின்று பாதி வேலை பார்த்திருக்கிறேன். இன்று என் கொட்டகையில் இருப்பது சிவப்பு வண்டி மட்டும்தான். எனவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிறப்புக் கதை சுருக்கமாக. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960இல் கப் கேடட்டைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கென்டக்கியின் லூயிவில் ஆலையில் செய்த வண்டி. ஃபார்மால் கப் என்ற முழு டிராக்டரின் கியர்பாக்ஸ்தான் இதற்கும் மூலம். ஜான் டீர் 1963இல் விஸ்கான்சினின் ஹோரிகானிலிருந்து 110ஐ இறக்கியது. வீல் ஹார்ஸ் இந்தியானாவின் சவுத் பெண்ட் ஊர்க்காரர். 1986இல் டோரோ அதை வாங்கிக்கொண்டது.

என்ஜினைப் பற்றி நிறையப் பேர் நிறைய வாதாடுவார்கள். நான் பேசப்போவதில்லை, ஏனென்றால் இந்த மூன்றிலும் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது ஒரே குடும்பம்: கோலர் கே வரிசை, வார்ப்பிரும்பு பிளாக், ஒற்றை சிலிண்டர். 122இலும் சி-120இலும் 12 குதிரைத்திறன் கே301. 110இல் முதல் ஆண்டு 7, அதன்பின் பல ஆண்டுகள் 8 குதிரைத்திறன். தீப்பொறிக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்டின் இடைவெளியை 0.020 அங்குலம் வைத்து, கார்புரேட்டரைக் கழுவிப் போட்டால் முக்கால்வாசி கே என்ஜின்கள் முனகிக்கொண்டே கிளம்பிவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை. பத்துக் குதிரைக்கு மேற்பட்ட பலவற்றில் அதிர்வைக் குறைக்க உள்ளே பேலன்ஸ் கியர்கள் உண்டு. அவை தேய்ந்து உடைந்தால் பிளாக்கையே துளைத்துவிடும். என்ஜினைத் திறந்தவர்கள் பலரும் அவற்றை எடுத்துவிட்டுத்தான் மூடுகிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். கொஞ்சம் கூடுதலாக அதிரும், பரவாயில்லை.

என்ஜின் ஒன்றே என்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? என்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருப்பதை வைத்துத்தான். அதிலும் நான் கேட்பது ஒரே கேள்வி: உள்ளங்கையில் அடங்கும் ஒரு தேய்மானப் பொருளை மாற்ற, எவ்வளவு வண்டியைக் கழற்ற வேண்டும்?

கப் கேடட்டில் இதற்குப் பதில்: ஏறக்குறைய பாதி வண்டி. என்ஜின் நீளவாக்கில் நிற்கிறது. அதன் பின்னாலிருந்து ஒரு ஷாஃப்ட் நேராக கியர்பாக்ஸுக்குப் போகிறது (1960இன் முதல் மாடலில் மட்டும் இடையே பெல்ட் உண்டு). பெல்ட் கிடையாது, வழுக்கல் கிடையாது. கலப்பை பூட்டி உழுகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. சிறு டிராக்டர்களுக்கான இழுவைப் போட்டிகளில் கப் கேடட்டின் பின்பகுதியைத் தேடி அலைவதும் இதனால்தான். ஆனால் கிளட்ச் தட்டு, அழுத்தும் ஸ்பிரிங், கிளட்ச் பேரிங் எல்லாம் அந்த ஒற்றை ஷாஃப்டிலேயே பூமாலை மாதிரி கோத்திருக்கும், இடையிடையே அவற்றைப் பிடித்துவைக்கும் ரோல் பின்கள் என்ற எஃகு ஊசிகள். தட்டு தேய்ந்தால் முழு மாலையையும் உருவ வேண்டும். நான் பின்பகுதியைச் சட்டகத்திலிருந்து பிரித்துப் பின்னால் உருட்டினேன். நாற்பது ஐம்பது ஆண்டு துருப்பிடித்த ரோல் பின் சுத்தியலுக்கு அசையாது. பின்னை அடிக்கும் பஞ்ச்தான் வளையும். இரண்டு வார இறுதிகள் போயின. வேலை முடிந்து ஓட்டியபோது சுகமாகத்தான் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அடுத்த முறை கிளட்ச் லேசாக வழுக்கியபோது எனக்கு வந்தது பயம்.

ஜான் டீர் 110 வேறு தினுசு. என்ஜினிலிருந்து ஒரு பெல்ட், நடுவே வேரியேட்டர் என்ற விரிந்து சுருங்கும் புல்லி, அங்கிருந்து இன்னொரு பெல்ட் பின்னாலுள்ள கியர்பாக்ஸுக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போதே, கிளட்சை மிதிக்காமல் ஒரு நெம்புகோலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். புல் வெட்டுவதற்கு மூன்றிலும் இதமானது இதுதான். கிரீஸ் காணாமல் கிடந்த வண்டியில் வேரியேட்டர் இறுகி ஒரே வேகத்தில் நின்றுவிடும். புல்லியின் நடுவிலுள்ள புஷ் என்ற உலோகக் குழல் தேய்ந்தால் புல்லி ஆட, பெல்ட் ஓரம் கிழியும். நண்பரின் வண்டியில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. மறுவிற்பனை என்று பார்த்தால் பச்சை நிறத்துக்கு என்றும் மவுசு, பழைய மாடல்களுக்கும் நிறுவனத்திடமே கணிசமான உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. செப்பனிட்டு விற்பது நோக்கமானால் என் பேச்சைக் கேட்காமல் பச்சையை எடுங்கள்.

இனி என் வண்டி. வீல் ஹார்ஸில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கம் ஒரு மூடி, அதற்குள் ஒரே பெல்ட், நேரே கியர்பாக்ஸ் புல்லிக்கு. கிளட்ச் என்பது அந்தப் பெல்ட்டை இறுக்கித் தளர்த்தும் ஒரு சிறு புல்லி, அவ்வளவுதான். மூடியைக் கழற்றி, புல் வெட்டும் கத்திகளை இயக்கும் கிளட்சின் தாங்கியை விலக்கி, பழையதை உருவிப் புதியதை மாட்டினேன். தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. கியர்பாக்ஸ் வார்ப்பிரும்பில் இரண்டு பாதிகள், நடுவே ஒரு கேஸ்கெட். எட்டு வேகம் என்று பெயர். முன்னோக்கி ஆறு, பின்னோக்கி இரண்டு. தண்ணீர் புகாமல் பார்த்துக்கொண்டால் அதைத் திறக்க வேண்டிய நாள் எளிதில் வராது.

இதிலும் ஒரு முள் உண்டு, பின்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் ஹப். ஆக்சில் மேல் பள்ளத்தில் உட்காரும் அரைவட்ட இரும்புத் துண்டும் (சாவி என்பார்கள்) செட் ஸ்க்ரூவும் மட்டுமே அதைப் பிடித்திருக்கும். செட் ஸ்க்ரூ தளர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் சாவி தன் பள்ளத்தையே தின்றுவிடும். அப்படிக் கிடந்த என் வண்டியின் ஆயில் சீலை மாற்ற ஹப்பைக் கழற்றியாக வேண்டியிருந்தது. ஹப்பை இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவியை மாட்டி ஒரே மூச்சில் முறுக்கினேன். வார்ப்பிரும்பு விளிம்பு பிஸ்கட் போல உடைந்து கையோடு வந்தது. குற்றம் என் அவசரத்தினுடையது. மறுபக்க ஹப்புக்கு நான்கு நாள் துருநீக்கி எண்ணெய் விட்டேன். புல்லரை இறுக்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கால் சுற்று, மாலையில் கால் சுற்று. மூன்றாம் நாள் காலை யாரும் தொடாமலே 'டொக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஹப் மயிரிழை அளவு வெளியே வந்திருந்தது.

மூன்று நிறுவனங்களும் ஹைட்ரோஸ்டாட்டிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் வண்டிகளைச் செய்திருக்கின்றன. கப் கேடட் 123, ஜான் டீர் 140 போன்றவை. ஓட்டியிருக்கிறேன், கியர் மாற்றும் தொல்லையே இல்லை. உள்ளே பிரித்துப் பார்த்ததில்லை என்பதால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சிவப்பு வண்டி பார்க்கப் போனால் கையில் ஒரு ஜாக் இருக்கட்டும். பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். ஆக்சில் நகராமல் ஹப் மட்டும் அசைந்தால் சாவி போய்விட்டது என்று பொருள். அடுத்து, உரிமையாளர் சம்மதித்தால், கியர்பாக்ஸின் அடி போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று மரை தளர்த்துங்கள். தண்ணீர் எப்போதும் எண்ணெய்க்கு அடியில் போய்த் தங்கும். முதலில் சொட்டுவது அதுதான். நீர் இல்லாமல் எண்ணெயே கறுப்பாகக் கெட்டியாக வந்தால் பேரம் பேசத் தொடங்கலாம். தெளிந்த நீர் வடிந்து அதன் பின் பால் போல வெளுத்த எண்ணெய் வந்தால், கியர்பாக்ஸைப் பிரிக்கும் வேலையையும் சேர்த்து விலை சொல்லுங்கள்.