கருஞ்சாம்பல் நிறத்தில் "85 சதவீத வெப்பத் தடுப்பு": டர்பன் மக்களே, இந்தக் கூரை பெயின்ட்டை நம்பாதீர்கள்

வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயின்ட்டைக் கூரைக்கு அடித்துத் தருகிறோம் என்று தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனில் வீடு வீடாக ஆட்கள் வருகிறார்கள். சாட்ஸ்வர்த்தில் என் அம்மா வீட்டுக்கும் வந்தார்கள். 14,000 ராண்ட் வாங்கிக்கொண்டு, கடையில் கிடைக்கும் சாதாரண பெயின்ட்டை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா வீட்டுக்குத் தகரக் கூரை. தைப்பூசக் காவடி நடக்கும் சமயம் இங்கே கோடை, மத்தியானம் உள்ளே உட்கார முடியாது. ஏர்கானைப் போட்டால் மீட்டரில் காசு கரைந்துவிடும். வந்த ஆள் "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று மரியாதையாகத்தான் பேசினார். அம்மாவுக்குப் பிடித்த நிறம் கருஞ்சாம்பல். அந்த நிறத்திலேயே சூரிய வெப்பத்தில் 85 சதவீதத்தைக் கூரை திருப்பிவிடும் என்று அச்சடித்த அட்டை ஒன்றைக் காட்டினார். வேலையும் சுத்தமாக முடிந்தது. ஆனால் கோடை வந்ததும் வீடு பழையபடியே கொதித்தது.

இப்படி ஒரு பெயின்ட் உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த ஏமாற்று வேலை எடுபடுகிறது. சூரியனிலிருந்து நம்மை எட்டும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் புற ஊதா, 43 சதவீதம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மீதி 52 சதவீதம் அகச்சிவப்புக் கதிர். இந்த அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. எனவே நிறத்தை மாற்றாமலே அதை மட்டும் திருப்பி அனுப்பும் நிறமிகளை, அதாவது பெயின்ட்டுக்கு நிறம் தரும் பொடிகளை, செய்ய முடிகிறது. குரோமியத்தையும் இரும்பையும் சேர்த்து உயர்ந்த சூட்டில் சுட்டெடுக்கும் ஆக்சைடுகள் கறுப்பாகத் தெரியும், ஆனால் அகச்சிவப்பில் நல்ல பங்கைத் திருப்பிவிடும். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2009-இல் ஒரு புதிய நீலம் பிறந்தது. இட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளைச் சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுட்டபோது கிடைத்த நிறமி அது. மின்னணுப் பொருள்களைத் தேடப் போன இடத்தில் இதைக் கண்ட குழுவின் தலைவர் மாஸ் சுப்ரமணியன், சென்னையில் பிறந்தவர். அந்த நீலமும் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பும். இவ்வளவு உழைப்பால் வந்த ஒன்றின் பெயரைச் சொல்லி வயதானவர்களிடம் காசு பிடுங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, அந்த 85 சதவீதத்துக்கு வருவோம். கருஞ்சாம்பல் கறுப்பாகத் தெரிகிறது என்றாலே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பங்கை அது விழுங்குகிறது என்று பொருள். புற ஊதாவும் திரும்பாது. மீதியுள்ள அகச்சிவப்பு முழுவதையும் ஒரு துளி விடாமல் திருப்பினாலும் 50, 55 சதவீதத்தைத் தாண்ட வழியே இல்லை. நடைமுறையில் அடர் நிறத்தில் வரும் நல்ல பெயின்ட்டுகள் 25, 30 சதவீதத்தைத்தான் எட்டுகின்றன. சாதாரணக் கறுப்பு வெறும் 5 சதவீதம் என்பதால் அதுவே பெரிய லாபம். 80-க்கு மேல் போவது புதிதாக அடித்த வெள்ளை மட்டும்தான். அட்டையில் இருந்தது வெள்ளையின் எண். அதைக் கருஞ்சாம்பலுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

மொபெனியில் பெயின்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் மச்சான் வந்து, பின்கட்டில் கிடந்த காலி டப்பாவைப் பார்த்தார். சாதாரண அக்ரிலிக் கூரை பெயின்ட், கடையில் கறுப்புச் சாயம் கலந்தது. அந்தச் சாயம் கார்பன் பிளாக், அதாவது புகைக்கரி. புகைக்கரி அகச்சிவப்பையும் சேர்த்து விழுங்கிவிடும். நல்ல நிறமி போட்ட பெயின்ட்டில்கூட அது கொஞ்சம் கலந்தால் போதும், பலன் மளமளவென்று இறங்கிவிடும் என்றார். டப்பாவில் ஒட்டியிருந்ததை ஒரு தகரத் துண்டில் பூசினோம். கடையில் வாங்கிய சாதாரணக் கருஞ்சாம்பலை இன்னொன்றில் பூசி, இரண்டையும் வெயிலில் ஒரே சாய்வில் வைத்தோம். வெப்பமானியில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் தேர்ந்தெடுத்த அதே நிறத்துக்கான சோதனை அறிக்கை. வெள்ளைக்கான அறிக்கை செல்லாது. அடியில் வெள்ளைப் பூச்சு போடுவார்களா என்றும் கேளுங்கள். இந்த நிறமிகள் பலவற்றின் ஊடே அகச்சிவப்பு கொஞ்சம் உள்ளே போய்விடும், அதைத் திருப்பி அனுப்புவது அடியில் இருக்கும் வெள்ளைதான். எங்கள் வீட்டில் அதைப் போடவே இல்லை. நிறத்தைத் தொழிற்சாலையிலேயே கலந்திருக்க வேண்டும். கடையில் கலந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டபோது, சீலிங்கில் இன்சுலேஷன் இல்லை, அதனால்தான் என்றார்கள். அப்புறம் போனையே எடுப்பதில்லை. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படி வீடு தேடி வந்து விற்றதை 5 வேலை நாளுக்குள் எழுத்தில் தெரிவித்துக் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். கோடை வரும் முன்பே எங்களுக்கு அந்த 5 நாள் கெடு கடந்துவிட்டது. ஆனால் தரமில்லாத வேலையைச் சரிசெய்யவோ பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவோ அதே சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் வரம்பை 2019-இல் 20,000 ராண்டாக உயர்த்தினார்கள். அங்கே வக்கீல் கிடையாது, நாமே பேசலாம். அம்மா பெயரில் அங்கே மனு கொடுத்திருக்கிறோம். டப்பா, தகரத் துண்டுகள், அட்டை, ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஃபீனிக்ஸிலோ இசிபிங்கோவிலோ இதே 85 சதவீத அட்டையைக் காட்டி யாராவது பணம் வாங்கியிருந்தால், டப்பாவைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.